நாயின் வலது பின்னங்கால்

நான் சண்டை போடத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பலர் இன்றைக்கும் நான் ஏதோ கலைத்தாகத்தில் அந்த விழாவில் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனையில் சின்னதாக ஒரு பூங்கா இருக்கிறது. முழங்கால் வலிக்கு நடக்கும்படி டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் காலையில் அதைச் சுற்றி வருவேன். அன்று போனால் நடைபாதை முழுக்க மூங்கில் கிடந்தது. கேட்டில் ஒரு துணிப் பதாகை: எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தவெளிக் கலைவிழாவாம், தெரு மக்களே சேர்ந்து நடத்தப்போகிறார்களாம். எந்தத் தெரு மக்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை யாரும் கேட்கவில்லையே.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிறவள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று மனிதர்கள் எப்படியெல்லாம் கத்துவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஒருநாளாவது நான் அந்தப் பக்கம் நின்று கத்த வேண்டும் என்று ஆசை இருந்தது. நேராக உள்ளே போனேன்.

மூங்கில் குவியலுக்கு நடுவில் ஒரு பெண் குந்தியிருந்தாள். குட்டை முடி, மூக்கில் வளையம், முழங்கை வரைக்கும் பெயின்ட். பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆன்ட்டி, நல்ல வேளை வந்தீங்க. இந்த முனைய ஸ்வல்பம் புடிங்களேன், வளைக்கணும்" என்றாள்.

பிடித்தேன். மூங்கில் திமிறியது. விட்டால் அவள் முகத்தில் அடிக்கும். பிடித்துக்கொண்டே கத்த முயன்றேன். கையில் மூங்கிலை வைத்துக்கொண்டு கத்தினால் அது புகார் மாதிரி வருவதில்லை, பிரசவ வலி மாதிரி வருகிறது. அவள் கயிற்றைக் கட்டி முடித்து, "சூப்பர் ஆன்ட்டி, ஸ்ட்ராங்கா இருக்கீங்க. சாயங்காலம் மீட்டிங், வந்துடுங்க" என்றாள்.

அவள் ஆள் சேர்க்கும் முறையே இதுதான் என்று பிறகு புரிந்தது. யாரிடமும் அவள் உதவி கேட்டதே இல்லை. கையில் எதையாவது கொடுத்துவிடுவாள். அதைக் கீழே வைப்பதற்குள் அவர்கள் குழுவில் சேர்ந்திருப்பார்கள்.

அன்று சாயங்கால மீட்டிங்கில் சர்ச்சிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. எங்கள் பகுதிக்கென்று ஒரு பெரிய பொம்மை செய்து, அதற்குள் நாமே புகுந்து, தெருவில் நடக்கவைக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். என்ன மிருகம் என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.

உடனே எழுந்தவர் எங்கள் எதிர்வீட்டு சுபேதார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்க்காரர். தெருவில் குப்பை வண்டி வருவதைக்கூட அணிவகுப்பு மாதிரி நின்று பார்வையிடுகிறவர். "யானை" என்றார். "டிக்னிட்டி வேணும்."

எங்கள் மேல்வீட்டம்மா, "மயில் பண்ணலாம். நம்ம ரோட்டுல யானை திரும்பாது" என்றாள். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. பேசுவது தமிழ். எண்ணுவதற்கும் கோபப்படுவதற்கும் மட்டும் கன்னடம்.

"மயில் எங்கம்மா இருக்கு லிங்கராஜபுரத்துல?"

"யானை மட்டும் இதெயா? சும்னே இரி சார்!" என்று கன்னடத்தில் அவர் வாயை அடைத்தாள்.

நான் நடுவில் புகுந்து, நடைபாதையை மறிக்காத ஏதாவது ஒரு மிருகம் போதும் என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நீங்க எல்லாரும் தினம் பாக்குற மிருகம் எது?" என்று கேட்டாள். பதில் தானாக நடந்து வந்தது. எங்கள் தெருவின் ஒரு காது மடங்கிய செவலை நாய் கேட்டு வழியாக உள்ளே நுழைந்து, மூங்கில் குவியலை முகர்ந்து பார்த்து, அதில் உயர்ந்ததொன்றைத் தேர்ந்தெடுத்துக் காலைத் தூக்கியது.

"முடிஞ்சுது, இதான்" என்றாள் அந்தப் பெண்.

சுபேதார் சிவந்துபோனார். அந்த நாய் அவர் காரின் மேல் போர்த்தியிருக்கும் உறைமீதுதான் தினமும் தூங்கும். அவர் விரட்டுவார், அது இறங்கிப்போய், அவர் உள்ளே போனதும் திரும்ப ஏறும். ஆண்டுக்கணக்கில் நடக்கும் எல்லைத் தகராறு. "அந்தப் பயலுக்குச் சிலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "செய்யிறதுன்னா ஒழுங்கா செய்யணும். காது இடது பக்கம்தான் மடங்கியிருக்கு. வலது இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாய்க்குத் தோல் வேண்டும். பழைய சேலைகள் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். மூட்டை மூட்டையாக வந்தன. பெண்கள் எந்தச் சேலையைக் கொடுப்பார்கள் என்பது ஒரு தனி சாஸ்திரம். கிழிந்ததைக் கொடுக்கமாட்டார்கள், அது சமையலறைக்கு வேண்டும். பிடித்ததையும் கொடுக்கமாட்டார்கள். மாமியார் வீட்டுப் பக்கமிருந்து வந்தது, மடிப்புக் கலையாமல் அப்படியே வரும்.

மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடாமல்லி நிறச் சேலை என் கையில் வந்தது. பொன்னிற மாங்காய் போட்டது. மேல்வீட்டம்மா குடிவந்தபோது நான் கொடுத்த சேலை. பக்கத்தில் அவள் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான் அதை மற்றச் சேலைகளோடு சேர்த்துப் போட்டேன், அவள் நிமிரவில்லை. ஊசியின் காதை அன்றைக்கு அவள் பார்த்தது போல யாரும் அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்கள்.

எல்லாச் சேலையையும் செவலை நிறமாக்க டீத்தூள் சாயம். டீக்கடைக்காரர் கொதித்து முடித்த தூளைச் சேர்த்து வைத்துக் கொடுத்தார்; பிரியாணி டேக்‌ஷாவில் போட்டுக் காய்ச்சி, சேலைகளை முக்கி எடுத்தோம். பூங்கா முழுக்க ஏலக்காய் வாசனை. உலர்ந்த சேலைகளை மூங்கில் கூட்டின்மேல் தைத்து முடித்தபோது, ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு நாய் நின்றது. கிட்டப் போனால் இஞ்சி டீ மாதிரி மணத்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் வாடாமல்லி சாயத்தை மீறி லேசாகத் தெரிந்தது.

யார் எந்த உறுப்பு என்று பிரித்தபோது தலைக்கு இரண்டு கல்லூரிப் பையன்கள், முன்னங்கால்களுக்கு சர்ச் கொயரில் பாடும் அண்ணன் தம்பி இருவர். எனக்கு வலது பின்னங்கால். என் முழங்கால் வலியைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். நாலடி நடந்துகாட்டச் சொன்னாள் அந்தப் பெண். நொண்டிக்கொண்டே நடந்தேன்.

"அய்யோ ஆன்ட்டி, அப்டியே தெருநாய்! இதை நடிச்சா வராது."

பாராட்டா, அவமானமா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். இடது பின்னங்கால் மேல்வீட்டம்மா. ஆகவே வாடாமல்லிக்கு நேர் கீழே நாங்கள் இரண்டு பேர். சுபேதார் முன்னால் நின்று கட்டளையிட ஆசைப்பட்டார். பின்னால் நின்றால்தான் முழுப் படையும் கண்ணில் படும் என்று சொல்லி அந்தப் பெண் அவரிடம் வாலைக் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கழியோடு தோளில் சாத்திக்கொண்டு, "வால்தான் மெயின். நாயோட மூட் வால்லதான் இருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒத்திகையில் நாய் நடக்கவே இல்லை. சுபேதார் பின்னாலிருந்து லெஃப்ட், ரைட் என்று விசில் ஊதினார். லெஃப்ட் என்றதும் இடப்பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாகக் கிளம்ப, நாய் குடிகாரன் மாதிரி வலப்பக்கம் சாய்ந்தது. முன்னங்கால் தம்பிகள் ஆங்கிலத்தில் எண்ணினார்கள், நான் தமிழில், மேல்வீட்டம்மா கன்னடத்தில். நான் "ரெண்டு" என்று காலை வைக்கும்போது அவள் "எரடு" என்று என் காலின் மேலேயே வைத்தாள். கடைசியில் எல்லோரும் கன்னடத்தில் எண்ணுவது என்று சமரசம் ஆனது. கன்னடத்தில் பேரம் பேசியிருக்கிறேன், ஆட்டோக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். நாலு கால் நடையைக் கன்னடத்தில்தான் கற்றுக்கொள்வேன் என்று நினைத்ததில்லை.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "நாய்க்குள்ள பூந்து நடக்கவா பி.காம் படிச்ச?" என்றார். அத்திபெலேயிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நீங்க நாயாயிட்டீங்களாமே, அண்ணன் சொல்லிச்சு" என்றாள்.

"முழு நாய் இல்ல. கால் மட்டும்தான்" என்றேன்.

விழா ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பூங்காவில் சின்ன மேடை, மரத்துக்கு மரம் காகிதத் தோரணம். சுற்றுச்சுவரில் எங்கள் தெருக் குடும்பங்கள் தங்கள் கையால் வரைந்த ஓவியங்கள். பறையடிக்க ஒரு குழு வந்திருந்தது. ஸ்ரீராம்புரத்துக்காரர்கள், பகலில் ஆளுக்கொரு வேலை பார்க்கிறவர்கள். எல்லாம் தயார். ஆட்கள்தான் இல்லை. அன்று கிரிக்கெட் இறுதி ஆட்டம். யாருக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை. எங்கள் குழுவில் கிரிக்கெட் பார்க்கிற எல்லோரும் அன்றைக்கு விழாவுக்கே வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மேடையில் ஆட வந்த பிள்ளைகளின் அம்மாக்கள், ஒரு பலூன்காரர், வழி தவறி வந்த ஒரு டெலிவரிக்காரர், இவ்வளவுதான் கூட்டம்.

அந்தப் பெண் சறுக்குமரத்தின் அடிப்படியில் உட்கார்ந்து, பேக்கரியில் வாங்கிய காரா பன்னைத் தின்னாமல் கையில் வைத்திருந்தாள். அவள் கையில் சும்மா ஒன்று இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஃப்ரீன்னு சொன்னா எல்லாரும் வருவாங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி."

"ஃப்ரீன்னா மொதல்ல சந்தேகம்தான் வரும். நான் இன்ஷூரன்ஸ்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? நீ பன்னைத் தின்னு."

தின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்தில் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. நான் எழுந்து நின்றேன். அவளுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். டீ மணக்கும் அந்த நாயை யாருமே பார்க்காமல் போய்விடுவார்களே என்றும் இருந்தது.

"அவங்க வரலன்னா என்னா, நாய் போகட்டும் அவங்ககிட்ட" என்றேன். சுபேதார் அதற்காகவே காத்திருந்தது போல விசிலை வாயில் வைத்தார்.

நாய்க்குள்ளிருந்து வெளியுலகம் தெரியாது. தார்ச்சாலையில் ஒரு துண்டு, என் செருப்பு, மேல்வீட்டம்மாவின் கொலுசு போட்ட கால், அவ்வளவுதான். மற்றதெல்லாம் காதால்தான். இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் ஒரே வர்ணனைக் குரல் கேட்டது; ஒரு வீட்டைத் தாண்டினால் அடுத்த வீட்டில் வாக்கியம் தொடர்ந்தது. "ஒந்து, எரடு, ஒந்து, எரடு" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே நடந்தோம். பின்னால் பறைக்குழு மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தது. யாரும் ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

தெருவின் நடுவில் வந்ததும் முதலில் ஒரு உறுமல். பிறகு இன்னொன்று. காரின் மேலிருந்து ஏதோ குதிக்கிற சத்தம். எங்கள் தெருவில் இருக்கும் நாய்கள் எல்லாம், தங்கள் இடத்துக்கு ஒரு மாடி உயர நாய் வந்துவிட்டதென்று திரண்டுவிட்டன. நாலாபக்கமும் குரைப்பு.

"யாரும் ஓடக் கூடாது! வாலை ஆட்டுறேன், அதுங்களுக்குப் புரியும்!" என்று பின்னாலிருந்து சுபேதார் கத்தினார். வாலை ஆட்டினார். அவர் ஆட்டிய வேகத்தில் கூடு முழுவதும் ஆடியது. முன்னால் கல்லூரிப் பையன்கள் பயத்தில் நாயின் தலையை மேலே, இன்னும் மேலே தூக்கினார்கள்.

தூக்கிய இடத்தில் எங்கள் தெருவின் இன்டர்நெட் ஒயர்கள் இருந்தன. பெங்களூரில் அவை எப்படித் தொங்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. நாயின் மடங்கிய காது அந்தக் கத்தையில் போய் மாட்டிக்கொண்டது. ஒரு நாய் நெருங்கி வந்து குரைக்க, முன்னங்கால் தம்பிகள் இரண்டடி பின்வாங்கினார்கள். தலையும் கூடவே வந்தது. மேலே படபடவென்று சத்தம் கேட்டது.

"கரண்ட் ஒயர் இல்ல! நெட் ஒயர்தான்! பயப்படாதீங்க!" என்றார் சுபேதார்.

அப்போதுதான் கவனித்தேன். வர்ணனைக் குரல் நின்றிருந்தது. பிறகு எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே தொண்டையிலிருந்து வருவது போல, "ஆஆ!" என்று ஒரு சத்தம். கடைசி ஓவர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கதவுகள் திறந்தன. கேட்டுகள் கிறீச்சிட்டன. அதுவரை ஈ காக்கை இல்லாத தெருவில் லுங்கியும் நைட்டியுமாக ஜனம் கொட்டியது. அந்தக் குரல்களுக்கு நடுவில் எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று: "யாருய்யா இந்த நாய்க்கு ரெஸ்பான்ஸிபிள்?"

என் வீட்டுக்காரர். நான் காலைச் சேலை மறைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். புகார் எழுத்தில் வரும்வரை பொறுப்பை ஒப்புக்கொள்ளாதே என்பது க்ளெய்ம் பிரிவின் முதல் பாடம். ஆனால் முழங்காலுக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த தடித்த நீலச் செருப்பை எங்கள் தெருவில் நான் ஒருத்திதான் போடுகிறேன். அவர் குனிந்து என் காலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஏம்மா, நீயா?"

"ஆமாங்க."

"நெட்டு போயிடுச்சு."

"தெரியுது."

"பதினெட்டு பால்தான் பாக்கி இருந்துது." குரல் தழுதழுத்தது. நான் ஊருக்குப் போகும்போதுகூட அவர் குரல் அப்படி ஆனதில்லை.

அதற்குள் அந்தப் பெண் ஓடி வந்துவிட்டாள். காது ஒயரில் மாட்டியிருந்ததால் நாய் முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் வரமுடியாது. தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. "அங்கிள், இந்தக் கயிறப் புடிங்க, விட்டா உள்ள இருக்கறவங்க மேல விழுந்துடும்" என்று என் வீட்டுக்காரர் கையில் ஒரு கயிற்றைத் திணித்தாள். திட்டிக்கொண்டு வந்த இன்னொருவரிடம் மூங்கில் கழி. ஒட்டடைக்கம்போடு மாடியில் நின்ற ஒருவரிடம், "சார், அப்டியே அந்த ஒயரத் தூக்குங்க, ஆ, அங்கதான்!" கொஞ்ச நேரத்தில் தெருவில் கத்துவதற்குச் சும்மா இருந்த கை ஒன்றும் இல்லை. சேலை மறைப்பின் இடுக்கில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கையில் டி.வி. ரிமோட்டும் மறு கையில் கயிறுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு நாயைத் தாங்கி நின்றார்.

கேபிள்காரர் வண்டியில் வந்தார். அண்ணாந்து பார்த்தார். நாயையும் பார்த்தார். "காலையிலதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தெருவே மொத்தமாகப் பெருமூச்சு விட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் மொபைல் டேட்டாவைத் திறந்ததில் ஒருவர் போனிலும் படம் ஓடவில்லை. மேல்மாடியில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஸ்கோர் வந்தது. அவர் அங்கிருந்து கத்திச் சொன்னார். ஒரு பந்துக்கு ஒரு தடவை. "சிங்கிள்!" என்றதும் பறைக்குழு ஒரு தட்டு தட்டியது. "ஃபோர்!" என்றதும் நாலு தட்டு. ஜனம் சிரித்தது. கடைசிப் பந்தில் நம்மவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று அவர் குதித்தபோது பறை முழங்கிய முழக்கத்தில் நாய்க்கூடு அதிர்ந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் வீட்டுக்குள் போகத் தோன்றவில்லை. உள்ளே போய் என்ன செய்வது, நெட்டுதான் இல்லையே. பூங்காவிலிருந்த விளக்கையும் மைக்கையும் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். அங்கேயே ஆட்டம், அங்கேயே பாட்டு. பேக்கரிக்காரர் தட்டோடு பன் கொண்டுவந்தார்.

நாங்கள் பின்னங்கால்கள் இருவரும் வெளியே வரமுடியவில்லை; காதை விடுவிக்கும்வரை கூட்டைத் தாங்கியாக வேண்டும். தூறல் விழுந்தது. காது மடங்கிய அந்த நாய் பெரிய நாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து, ஒருமுறை சிலிர்த்து எங்கள்மேல் தெளித்துவிட்டு, என் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மேலேயிருந்து டீச்சாயம் சொட்டச் சொட்ட, வாடாமல்லி துலக்கமாகத் தெரிய ஆரம்பித்தது. இருவருமே அண்ணாந்து பார்த்தோம். இனிமேல் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

"நிஜம் சொல்லிடுறேன்" என்றாள் மேல்வீட்டம்மா. "அந்த சீலை எனக்குப் புடிக்கவே இல்ல."

"எனக்கும்தான். அதான் உங்களுக்குக் குடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு யாரு குடுத்தா?"

"நாத்தனார்."

"அவங்களுக்கு?"

அதை நான் யோசித்ததே இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நானும். கூடு எங்கள் சிரிப்பில் குலுங்கியது. வெளியே சுபேதார், "பின்னங்கால்! என்ன நடக்குது அங்க?" என்று விசில் ஊத, எங்களுக்கு இன்னும் அடக்க முடியாமல் போனது.

மறுநாள் காலை கேபிள்காரர் வந்து ஒயர்களைச் சரிசெய்தார். குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு பேர் புகார் சொன்னார்கள். சுபேதார் எழுந்து, ஒயர்கள் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லாததுதான் குற்றம், நாய்மேல் தப்பில்லை என்று அரைமணி நேரம் வாதாடியதும் அவர்களே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். நாயைப் பிரித்து மூங்கில்களை அந்தப் பெண் ஸ்ரீராம்புரத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள், அங்கே அடுத்த விழா. போகும்போது என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சேலையில் பச்சைப் பெயின்ட் ஒட்டியது. துவைத்தும் போகவில்லை, அதைத்தான் இப்போது ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். என் பாதங்களில் டீச்சாயம் ஒருவாரம் இருந்தது. ஆபீசில் மருதாணியா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

நம்மவர்கள் ஜெயித்த அந்தக் கடைசி ஓவரை என் வீட்டுக்காரர் இன்றுவரை படமாகப் பார்க்கவில்லை. நேரில் பார்க்கிறதைவிடக் கேட்டதே நல்லா இருந்துது என்கிறார். போன வாரம் நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டு மாடி உயரம் இருக்கும் நாய். அப்டியே சாயுது. உள்ள பொம்பளைங்க. நான் மட்டும் அந்தக் கயிற விட்டிருந்தா…" கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஆமா, அவளும் இருந்தா. பின்னாடி எங்கியோ" என்றார்.